டாப் பேரோடு செக் செய்து காத்திருக்கலாமா?

தக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். போக்கர் புதிது என்பவர்களுக்கு மட்டும் முதலில் சில வார்த்தைகள். ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு; மேசையில் பொதுவாக முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). பந்தயம் வைக்காமல் விடுவது செக், வைப்பது அடிப்பது, மற்றவர் வைத்ததற்குச் சமமாகப் போடுவது கால், அதைவிட ஏற்றுவது ரெய்ஸ், கையை விட்டு விலகுவது போவது, நடுவில் சேரும் பணம் பாட். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பணம் போடும் இரண்டு இடங்கள் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட்; 100/200 மேசை என்றால் அவை 100, 200. ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடம் பட்டன். ஸ்பேட், ஹார்ட் போன்ற சீட்டு இனம் சூட்; ஐந்தும் ஒரே சூட் என்றால் ஃப்ளஷ், ஐந்தும் வரிசையாக வந்தால் ஸ்ட்ரெய்ட். மேசையில் இருக்கும் மிகப் பெரிய சீட்டோடு கையில் இருக்கும் சீட்டு ஜோடி சேர்ந்தால் அதுதான் டாப் பேர்.

"அண்ணே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மார்த்தாண்டத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, சிப்ஸ் மட்டும். தோற்றவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தரணும், அவ்வளவுதான். அங்கே நான் நன்றாகவே ஆடுவேன். போன டிசம்பரில் காந்திதாம் ரயில் பிடித்து கோவா போனோம். 100/200 மேசையில் 20,000 ரூபாயோடு உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவர்கள் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை, சுற்றுலா வந்தவர்கள். ஆனாலும் டாப் பேர் கிடைத்த கைகளில்தான் என் பணம் போனது. ஒரு கையைச் சொல்கிறேன். நான் பிக் பிளைண்டில், கிங்-ஜாக், வேறு வேறு சூட். நடுவில் ஒருவர் 800 ஆக்கினார், பட்டனில் இருந்தவர் கால், நானும் கால். ஃபிளாப் ஸ்பேட் கிங், டைமண்ட் 8, ஸ்பேட் 4. ரெய்ஸ் செய்தவர் அடிப்பார் என்று செக் செய்தேன். மூன்று பேருமே செக். டர்ன் டைமண்ட் 9. நான் 1,000 வைத்தேன், பட்டன் மட்டும் கால். ரிவர் ஹார்ட் 2. நான் 2,500 வைத்தேன், அவர் 8,500 ஆக்கினார். ஃப்ளஷ் விழவில்லையே, ஏமாற்றுகிறார் என்று நினைத்துக் கால் செய்தேன். 9-8 காட்டினார், டூ பேர். முதலில் பேச வேண்டிய இடத்தில் டாப் பேரை எப்படி ஆடுவது? செக் செய்து காத்திருப்பது தப்பா? போனில் ஆப் வைத்துப் பழகலாமா? ஸ்மால் பிளைண்டில் இதே கை வந்தால் என்ன செய்ய?"

தம்பி, ரிவரில் நீங்கள் வைத்த 2,500 சரிதான். அதற்குப் பிறகு போட்ட 6,000 தப்பு. ஃபிளாப்பில் செய்த செக் அதைவிடப் பெரிய தப்பு. அது உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது: 6,000 உங்கள் முன்னால் இருந்து போனது, அதைப் பார்த்தீர்கள். செக் செய்ததால் போன பணம் உங்களிடம் வரவே இல்லை, அதனால் தெரியவில்லை.

அந்த செக் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போக்கர் சொல்லிக்கொடுக்கும் வீடியோ எதைப் பார்த்தாலும், பிக் பிளைண்டில் கால் செய்தவர் ஃபிளாப்பில் ரெய்ஸ் செய்தவருக்குச் செக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள். நல்ல ஆட்டக்காரர்களுக்கு எதிராக அது சரியான பழக்கம். அவர்களிடம் பெரிய ஜோடிகள் அதிகம், ஃபிளாப்பில் அடிக்கவும் செய்வார்கள், நாம் செக் செய்தாலும் பணம் பாட்டுக்குள் வந்துவிடும். ஆனால் லீவுக்குக் கோவா வந்து, இரண்டு மணி நேரம் சீட்டாடிவிட்டு ராத்திரி கடற்கரைக்குப் போகப்போகிற மனிதர் அப்படி ஆடுவதில்லை. கை வந்தால் வைப்பார், வராவிட்டால் செக் செய்து அடுத்த சீட்டைப் பார்ப்பார். கையில் சூட் வேறான, ஜோடியில்லாத இரண்டு சீட்டோடு ஃபிளாப் பார்ப்பவருக்கு மூன்றில் இரண்டு தடவை ஒரு ஜோடிகூட விழாது. ஆக, ரெய்ஸ் செய்தவர் அடிப்பார் என்று நீங்கள் காத்திருந்தபோது பெரும்பாலும் இரண்டு பேருக்கும் அடுத்த சீட்டை ஓசியில் கொடுத்தீர்கள். முதலில் பேச வேண்டிய இடம், அதாவது அவுட் ஆஃப் பொசிஷன், கஷ்டமான இடம் என்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஓசிச் சீட்டு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது உங்களுக்குப் பின்னால் பேசுகிறவர். அந்த முடிவை அவர் கையிலிருந்து பிடுங்க உங்களுக்கு இருக்கும் ஒரே வழி, நீங்களே பந்தயம் வைப்பது.

சரி, வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இங்கே உங்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். 9-8 வைத்திருந்தவர் போயிருக்க மாட்டார். நடு ஜோடி கையில் இருக்கும்போது இந்த மேசைகளில் யாரும் ஃபிளாப்பில் போவதில்லை. நீங்கள் 1,700 வைத்தாலும் கால் செய்து, டர்னில் அந்த 9-ஐப் பார்த்து, உங்களைத் தோற்கடித்திருப்பார். ஒருவேளை இதே பத்தாயிரம்தான் போயிருக்கும். ஆனாலும் வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். இரண்டு பேர் கையும் மூன்று ஃபிளாப் சீட்டும் போக மிச்சம் 45 சீட்டு. அதில் அவருக்கு உதவுவது இரண்டு 8, மூன்று 9, மொத்தம் 5. ஒன்பதில் ஒரு தடவைதான் டர்னில் அவர் உங்களைத் தாண்டுவார். மற்ற எட்டுத் தடவை அவர் 1,700 போட்டும் பின்தங்கியே இருக்கிறார், அப்புறம் டர்னிலும் போடுவார். நீங்கள் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு தடவையை. பணம் சம்பாதிப்பது அந்த எட்டுத் தடவையில்.

9-8 மட்டும் இல்லை. ஃபிளாப்பில் பாட் 2,500, அதில் மூன்றில் இரண்டு பங்கு, 1,700 என்று வையுங்கள். யாரெல்லாம் கால் செய்வார்கள் என்று உட்கார்ந்து எண்ணிப்பாருங்கள். கிங்-10 எட்டு விதமாக வரலாம், ஏஸ்-8 பன்னிரண்டு விதம், 10-8 பன்னிரண்டு, 9-8 பன்னிரண்டு, கையில் 99 ஆறு, 10-10 ஆறு. இதிலேயே 56 ஆகிவிட்டது. ஸ்பேட் இரண்டு வைத்து ஃப்ளஷுக்குக் காத்திருப்பவர்களை இன்னும் சேர்க்கவில்லை. உங்களை ஏற்கெனவே ஜெயித்திருக்கும் கைகள்? கிங்-குயீன் எட்டு, 88-ம் 44-ம் சேர்த்து ஆறு, கிங்-8 ஆறு. ஏஸ்-கிங் அல்லது இரண்டு ஏஸ் இருந்திருந்தால் பட்டனில் இருந்தவர் பெரும்பாலும் முதலிலேயே ஏற்றியிருப்பார். கணக்கு உங்கள் பக்கம் தெளிவாகச் சாய்கிறது, அதுவும் எதிராளி கால் செய்த பிறகும். இப்படி இருக்கும்போது டாப் பேரைச் செக் செய்வது வந்த வரும்படியை வேண்டாம் என்பது போலத்தான்.

நீங்கள் பயந்தது ரெய்ஸுக்கு, இல்லையா? கடிதத்தில் வேறோர் இடத்தில், "நான் வைத்து அவர் ஏற்றிவிட்டால் என்ன செய்ய" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான். இப்படிப்பட்ட எதிராளியிடம் இதற்குப் பதில் மிகச் சுலபம்: சீட்டைக் கீழே வைத்து விலகிவிடுங்கள். ஃபிளாப்பில் சின்ன ரெய்ஸ் என்றால் ஒரு தடவை கால் செய்து பார்க்கலாம், ஃப்ளஷுக்குக் காத்திருப்பவர்கள் சில சமயம் அங்கே ஏற்றுவார்கள். டர்னிலும் ரிவரிலும் ஏற்றினால் ஒரே ஜோடி வைத்துக்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

ஏன் என்று நம் ஊர்க்காரருக்குப் புரியும்படி சொல்ல ஒரு வழி இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சீட்டு என்றால் இருபத்தெட்டும் ஐம்பத்தாறும்தான். குலசேகரம், அருமனை, கருங்கல் எங்கே போனாலும், மழை பிடித்து ரப்பர் வெட்டு இல்லாத நாளில் ஒரு திண்ணையில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இருபத்தெட்டில் ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒன்று ஒன்று. கேட்ட எண்ணிக்கையைப் பிடிக்காவிட்டால் அடி கேட்டவருக்கும் அவர் கூட்டாளிக்கும்தான். அதனால் கையில் ஜாக்கும் ஒன்பதும் இல்லாமல் யாரும் ஏற்றிக் கேட்பதில்லை. அந்த ஆட்டத்தில் வளர்ந்தவர் போக்கருக்கு வந்தாலும் ஏற்றுவது என்பது அவருக்குக் கையில் இருப்பதைச் சொல்வது. உங்கள் மார்த்தாண்டம் மாடியில் நீங்கள் நன்றாக ஆடுவதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் சிப்ஸை இரண்டு கையாலும் தள்ளினால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது, "அவருக்கு வந்துவிட்டது" என்று சீட்டைக் கீழே வைத்துவிடுகிறீர்கள். கோவாவில் அதே மாதிரி மனிதர், பேசும் மொழி வேறு, மேசை பெரிது, வெளிச்சம் அதிகம், அதனால் அவர் ஏமாற்றுகிறார் என்று தோன்றிவிட்டது. வடக்கிலிருந்து வருபவர்கள் தீன் பத்தி ஆடி வளர்ந்தவர்கள், கடைசிவரை நின்று சீட்டைத் திறந்து பார்ப்பதில் அவர்களுக்கு ஆசை அதிகம். அந்த ஆசைதான் அவர்களைக் கால் செய்ய வைக்கிறது. ரிவரில் ஒருவர் பந்தயம் வைத்த பிறகு அதன்மேல் மூன்றரை மடங்கு ஏற்ற வைப்பது அந்த ஆசை இல்லை, நல்ல சீட்டு.

அந்த 6,000-ஐ எண்களிலும் பார்த்துவிடலாம். அவர் 8,500 ஆக்கியதும் பாட்டில் 15,500. நீங்கள் 6,000 போட்டால் மொத்தம் 21,500. நூற்றில் 28 தடவை ஜெயித்தால்தான் அந்தக் கால் நஷ்டமில்லாமல் வரும். உங்களைத் தோற்கடிக்கும் கைகள்: 9-8 ஒன்பது விதம், கிங்-9 ஆறு, கிங்-8 ஆறு, கையில் 99, 88, 44, 22 ஒவ்வொன்றும் மூன்று விதம். மொத்தம் 33. நீங்கள் கால் செய்ய வேண்டுமென்றால் அவர் குறைந்தது 13 விதமான வெறுங்கையோடு ஏற்றியிருக்க வேண்டும். ஸ்ட்ரெய்ட்டுக்குக் காத்திருந்து ஏமாந்த ஜாக்-10 எல்லாவற்றையும் சேர்த்தாலே 12 தான் வருகிறது, ஏனென்றால் ஒரு ஜாக் உங்கள் கையில் இருக்கிறது. லீவுக்கு வந்தவர் வராத ஸ்ட்ரெய்ட்டோடு ஒவ்வொரு முறையும் 8,500 போடுவாரா? வராத ஃப்ளஷோடு? அவர் முகத்தைச் சுளித்துச் சீட்டை டீலர் பக்கம் எறிவார். அதைத்தான் நான் மேசையில் நாள்தோறும் பார்க்கிறேன். கிங்-10 வைத்திருப்பவர் ஏற்ற மாட்டார், கால் செய்வார். அப்போ அந்த ரெய்ஸுக்குள் உங்களைவிடச் சின்ன கை எதுவுமே இல்லை.

அதனால்தான் 2,500 சரி, 6,000 தப்பு என்றேன். இரண்டும் ஒரே கையில், ஒரே நிமிடத்தில் நடந்ததால் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறது. இவர்கள் கால் செய்யும் சீட்டு வேறு, ஏற்றும் சீட்டு வேறு. கால் செய்வது எது வேண்டுமானாலும் இருக்கும், ஏற்றுவது அநேகமாக நிஜம். முன்னதுக்காகப் பெரிதாக வையுங்கள், பின்னது வந்தால் விட்டுவிடுங்கள். முதலில் பேசும் இடத்தில் டாப் பேர் ஆடுவதில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும்.

ஆனால் எல்லாரிடமும் வைக்கச் சொல்லவில்லை. பின்னால் இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். இரண்டு பியருக்குப் பிறகு எந்தப் பாட்டையும் விடாமல் அடிக்கும் ஒருவர் மேசைக்கு ஒருவர் இருப்பார். நீங்கள் செக் செய்தால் போதும், அவரே கொண்டுவந்து கொட்டுவார். அவர் ரெய்ஸ் செய்து நீங்கள் கால் செய்த கையில், டாப் பேர் விழுந்தால் செக் செய்யுங்கள், கால் செய்யுங்கள், மறுபடியும் செக் செய்யுங்கள். அவரிடம் நீங்கள் முதலில் வைத்தால் அவர் வெறுங்கையை விட்டுவிடுவார், அது உங்களுக்குத்தான் நஷ்டம். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து, யார் செக் வந்ததும் அடிக்கிறார், யார் செக் வந்தால் செக் என்று பார்த்துவிட்டு ஆடினால் இந்தக் குழப்பம் வராது. உங்கள் கடிதத்தில் அந்த ரெய்ஸ் செய்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமலேதான் அவர் அடிப்பார் என்று நம்பியிருக்கிறீர்கள்.

ஃபிளாப்பின் முகமும் பார்க்க வேண்டும். கிங்-8-4 நல்ல ஃபிளாப். அதே கிங்-ஜாக்கோடு ஜாக்-10-9 விழுந்து, அதில் இரண்டு ஒரே சூட் என்றால், அதுவும் டாப் பேர்தான், ஆனால் மூன்று பேர் இருக்கும் பாட்டில் அதற்கு மரியாதை குறைவு. அங்கே சின்னதாக வைத்து, எதிராளி ஏற்றினால் போய்விடலாம். ஏஸ் மேலே விழுந்து உங்களிடம் ஏஸ்-ஜாக் இருந்தால் சந்தோஷமாகப் பெரிதாக வையுங்கள். இந்த எதிராளிகள் ஏஸ் என்று ஒன்று கையில் இருந்தால், கூட 3 இருந்தாலும் 5 இருந்தாலும் கடைசிவரை விடமாட்டார்கள். கிக்கர், அதாவது ஜோடிக்குத் துணையாக இருக்கும் மற்றச் சீட்டு, அவர்கள் நினைப்பிலேயே இருக்காது. டாப் பேர்களிலேயே அதிகம் சம்பாதித்துக் கொடுப்பது ஏஸ்தான்.

உங்கள் கிங்-8-4 ஃபிளாப்புக்குப் பிறகு டர்னில் மூன்றாவது ஸ்பேட் விழுந்தால்? நிறுத்துங்கள். செக். அவரும் செக் செய்தால் ரிவரில் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வைக்கலாம், நடு ஜோடி வைத்திருப்பவர் அதற்குக் கால் தருவார். அவர் பெரிதாக வைத்தால் போய்விடுங்கள்.

இன்னொன்று, ஃபிளாப்புக்கு முன்னாலேயே முடிவாகும் விஷயம். உங்களிடம் 800 போக மிச்சம் 19,200, பாட் 2,500. கிட்டத்தட்ட எட்டு மடங்கு. எட்டு மடங்கு பணம் பின்னால் இருக்கும்போது ஒரு ஜோடியை நம்பி முழுவதையும் வைக்கக் கூடாது. இரண்டு மூன்று மடங்கு என்றால் வைக்கலாம். அந்த மடங்கைக் குறைக்கும் வழி முன்பே ஏற்றுவது. அந்த இடத்தில் ஏஸ்-கிங், ஏஸ்-குயீன் வந்திருந்தால் கால் செய்யாதீர்கள், 3,500 ஆக்குங்கள். ஒருவர் கால் செய்தால் பாட் 7,900 ஆகும், உங்களிடம் 16,500 இருக்கும், இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. அப்போது டாப் பேர் விழுந்தால் கேள்வியே இல்லை, இரண்டு தடவை வைத்தால் உள்ளே. இவர்கள் 3,500-க்கும் ஏஸ்-9, கிங்-10 வைத்துக்கொண்டு கால் செய்வார்கள், அதனால் இது பயனுள்ள ஏற்றம். கிங்-ஜாக் வேறு சூட்டுக்கு இது பொருந்தாது, 600 போட்டுப் பார்த்தது உங்கள் கையில் சரியான விலைதான்.

போனில் ஆப் வைத்துப் பழகலாமா என்றதற்கு: பணம் வைத்து வேண்டாம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல், இணையத்தில் பணம் வைத்து ஆட வைப்பதையே தடை செய்துவிட்டது. டெலிகிராமில் வெளிநாட்டு ஆப் லிங்க் அனுப்பி, யாரோ ஒரு ஏஜென்ட் கணக்குக்குப் பணம் போடச் சொல்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஜெயித்த பணம் வராவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஓசி சிப்ஸ் ஆப்பில் கைகளின் வரிசையும் வேகமும் பழகலாம், எதிராளியைப் படிப்பது பழக முடியாது, இழக்க ஒன்றும் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் உள்ளே தள்ளுவார்கள். அதைவிட உங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசை நல்லது. ஒவ்வொரு வாரமும் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் டர்னில் ஏற்றிய கைகளெல்லாம் கடைசியில் என்னவாக இருந்தன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆடி முடித்து எல்லோரும் பரோட்டாவுக்குக் கிளம்பும் முன் கேட்டால் சொல்லிவிடுவார்கள், பணம் இல்லாத மேசையில் யாரும் மறைப்பதில்லை. அந்த நோட்டு கோவாவில் உங்களுக்கு உதவும்.

அந்த 20,000 அரை மாதச் சம்பளம் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. அரை மாதச் சம்பளத்தோடு 100/200 மேசையில் உட்கார்ந்தால் யாராலும் 1,700 நிம்மதியாக வைக்க முடியாது, செக் செய்யத்தான் தோன்றும். போனால் வீட்டில் எதுவும் குறையாத தொகை எவ்வளவோ அதோடு போங்கள், அந்தத் தொகைக்கு மேசை கிடைக்காவிட்டால் ஆடாமல் வாருங்கள். வீட்டு நகையை வைத்தோ வட்டிக்கு வாங்கியோ ஆடுவது என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேலை செய்யாது, அதை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்.

கடைசிக் கேள்வி, ஸ்மால் பிளைண்டில் இதே கிங்-ஜாக். ஏற்கெனவே 100 தான் உள்ளே இருக்கிறது, இன்னும் 700 போட வேண்டும், பின்னால் பிக் பிளைண்ட் இன்னும் பேசவில்லை, ஃபிளாப்புக்குப் பிறகு எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டியதும் நீங்கள்தான். நடுவில் இருந்து ஒருவர் 800 ஆக்கி பட்டனும் கால் செய்திருந்தால் சீட்டைக் கீழே வைத்து விலகிவிடுங்கள். ஒரே சூட் கிங்-ஜாக் என்றால் கால் செய்யலாம். யாரும் ரெய்ஸ் செய்யாமல் இரண்டு மூன்று பேர் 200 போட்டு உள்ளே வந்திருந்தால், அங்கே சும்மா சேர்ந்துகொள்ளாமல் 1,200 ஆக்குங்கள். இரண்டு பேர் போவார்கள், ஒருவர் வருவார், கிங் விழுந்தால் செக் செய்யாமல் நீங்களே முதலில் வையுங்கள்.